கார்டைக் கழற்றினால் அட்வான்ஸ் கிடையாது: காட்பாடி பக்கம் ஒரு மெஷின் வாடகைக் கடை

கிரைண்டர் என்றதும் மாவு அரைக்கிற சமாசாரம் என்று நினைத்து உள்ளே வந்திருந்தால் மன்னிக்கவும். இது இரும்பு அறுக்கிற நாலு இஞ்ச் ஹேண்ட் கிரைண்டர். பட்டறைகளில் கட்டிங் மெஷின் என்று சொல்வார்களே, அது. அதில் சுற்றி அறுக்கிற வட்டத் தட்டுதான் வீல், அந்த வீலைப் பாதி மூடுகிற தகரத் தடுப்புதான் தலைப்பில் சொன்ன கார்டு. அதை மூன்று நாள் வாடகைக்கு எடுத்து, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பச்சை வலைப் பந்தல் போட நானே பைப் அறுத்தேன். மெஷினைப் பற்றிச் சொல்வதைவிட அதை வாடகைக்குக் கொடுத்த கடையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். சத்துவாச்சாரியிலிருந்து போனால் பாலாற்றுப் பாலம் தாண்டி, விருதம்பட்டுக்கு அப்புறம் காட்பாடி போகிற வழியில் வரும். பெயர் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா, அப்புறம் அந்த ஊரு இந்த ஊருன்னு வந்து கார்டு இல்லாத மெஷின் குடுன்னு சண்டைக்கு நிப்பானுங்க. இருக்கிற கூட்டமே போதும்" என்றார் கடைக்கார அக்கா. அதனால் பெயர் இல்லை. தேடிப் போகிறவர்களுக்குக் கண்டுபிடிப்பது கஷ்டமும் இல்லை, வாசலில் எந்நேரமும் நாலு கான்கிரீட் மிக்சர் நிற்கும்.

முதலில் நான் ஏன் இந்த வேலையில் இறங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் பாதியிலேயே மாடித் தொட்டித் தண்ணீரில் மதியம் கை வைக்க முடியாது. தொட்டிக்கும் துணி காயப்போடும் இடத்துக்கும் சேர்த்து ஒரு வலைப் பந்தல் போடலாம் என்று இரண்டு வெல்டிங்காரர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் வந்து அளவு எடுத்துப்போனவர்தான், இரண்டு வாரமாகப் போனை எடுக்கவில்லை. இன்னொருவர் சொன்ன ரேட்டுக்குப் புதுத் தொட்டியே வாங்கிவிடலாம். என் அப்பா குடியாத்தத்தில் சின்னதாகப் பட்டறை வைத்திருந்தவர், பள்ளிக்கூட லீவில் ஹேக்ஸா பிளேடு பிடித்து ராடு அறுத்த பழக்கம் எனக்கு உண்டு. ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப்பை அளவாக அறுத்து, ஓட்டை போட்டு, போல்ட் நட்டு வைத்து முறுக்கினால் வெல்டிங்கே வேண்டாமே என்று தோன்றியது. இப்போது ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் கை சும்மா இருக்காது.

வீட்டில் எதிர்ப்பு பலமாக இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. இரண்டு வருஷம் முன்பு என் கொழுந்தனார் வாசல் கேட் தாழ்ப்பாளைச் சரிசெய்ய, தெரிந்தவர் ஒருவரிடம் ஓசியில் ஒரு கிரைண்டர் வாங்கி வந்தார். கார்டு கிடையாது, பக்கவாட்டுக் கைப்பிடி கிடையாது, ஒயரில் மூன்று இடத்தில் டேப். கண்ணுக்குப் பாதுகாப்பு என்று பைக்கில் மாட்டுகிற கூலிங் கிளாஸ். பத்து நிமிஷ வேலை, முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு சாப்பிட்டும்விட்டார். ராத்திரிதான் கண் உறுத்த ஆரம்பித்தது. அத்தை முந்தானையைச் சுருட்டி ஊதி ஊதி ஒற்றினார், பக்கத்து வீட்டு ஆயா தாய்ப்பால் விடச் சொன்னார், இவர் விடிய விடியத் தேய்த்தார். காலையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனால், கருவிழியில் மிளகில் கால்வாசிகூட இல்லாத ஒரு இரும்புத் துகள், அதைச் சுற்றித் துரு வளையம். இரும்புத்தூள் கண்ணில் ஒட்டிக்கொண்டால் கண்ணீர் ஈரத்திலேயே துருப்பிடிக்குமாம், ஒரு ராத்திரி போதும். மரத்துப்போக மருந்து விட்டு, ஊசி முனையால் அந்தத் துகளை எடுத்து, துருவைச் சுரண்டி, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நேராகப் போய் உட்கார்ந்து பட்ட துகள் அல்ல அது. கூலிங் கிளாஸுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தில் பக்கவாட்டில் புகுந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் கிரைண்டர் என்றால் கெட்ட வார்த்தை.

சரி, கடைக்கு வருகிறேன்.

கடைக்கார அண்ணன் பின்னால் உட்கார்ந்து மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சருக்குக் கம்பி கட்டிக்கொண்டிருப்பார், தலை நிமிர மாட்டார். முன்னால் கல்லாவில் அக்கா. ஐம்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். நான் போய் நாலு இஞ்ச் கிரைண்டர் வேண்டும் என்றதும் எல்லாக் கடையிலும் கேட்கிற கேள்வியைக் கேட்பார், "வேலை செய்ற ஆளு யாருமா, அவரை அனுப்பு" என்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "இன்னா அறுக்கப் போற? எங்க வச்சு அறுக்கப் போற? கரண்டு எங்கிருந்து எடுக்கப் போற?" மூன்று கேள்வி. எனக்கு இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒழுங்கான பதில் இல்லை. பைப்பைக் காலால் மிதித்துக்கொண்டு அறுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன், எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள். "கால்ல செருப்பா, ஷூவா?" என்று நாலாவதாகக் கேட்டார். அப்போதே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்துவிட்டது. இருநூறு ரூபாய் வாடகைக்கு இத்தனை விசாரணையா என்று.

ஆதார் நகலும் 1,500 ரூபாய் அட்வான்ஸும் வாங்கிக்கொண்டு மெஷினை எடுத்து மேஜையில் வைத்தார். கார்டு போட்டிருந்தது. அதைப் பிடிக்கிற ஸ்க்ரூவின் தலையில் சிவப்புப் பெயின்ட் ஒரு சொட்டு. "பெயின்ட் உடைஞ்சிருந்தா கார்டைக் கழட்டியிருக்கேன்னு அர்த்தம், அட்வான்ஸ் கிடையாது" என்றார். வேலைக்கு ஏற்ற மாதிரி கார்டைத் திருப்பிக்கொள்ளலாம், அதற்கு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம், தளர்த்தினாலே போதும் என்று அதையும் தானே திருப்பிக் காட்டி, எனக்கு வேண்டிய பக்கம் வைத்து முறுக்கி, மறுபடி பெயின்ட் வைத்துக் கொடுத்தார். நம்ம ஊரைப் பற்றி மன்னன் இல்லாத கோட்டை, நீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று ஒரு பழைய பேச்சு உண்டு இல்லையா, அந்த வரிசையில் கார்டு இல்லாத கிரைண்டரையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் பாருங்கள், கார்டு மூலையில் கிடக்கும். கேட்டால் சந்துக்குள் போகவில்லை, அறுக்கிற கோடு தெரியவில்லை என்பார்கள். உண்மைதான், தெரியாது. ஆனால் வீல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அக்கா சொன்ன கணக்கை நான் வீட்டுக்குப் போய் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. நாலு இஞ்ச் வீல், அதாவது 100 மில்லிமீட்டர், சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மெஷின் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. அப்படியானால் வீலின் ஓரம் நிமிஷத்துக்குச் சுமார் மூன்றரை கிலோமீட்டர், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. காட்பாடியில் நிற்காமல் போகிற எந்த ரயிலும் இந்த வேகத்தில் போவதில்லை. அந்த வேகத்தில் வீல் உடைந்து ஒரு துண்டு கிளம்பினால் அது முகத்துக்கு வருமா சுவருக்குப் போகுமா என்பதை முடிவு செய்வது அந்த அரைவட்டத் தகரம் ஒன்றுதான்.

அடுத்தது வீல். இந்த இடத்தில்தான் இந்தக் கடைக்கு நான் முழு மார்க் போடுவேன். நான் வீட்டிலிருந்து இரண்டு கட்டிங் வீல் கொண்டுபோயிருந்தேன், கொழுந்தனார் வாங்கி மிச்சம் வைத்தது, காசு மிச்சமாகுமே என்று. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீலின் நடு ஓட்டையைச் சுற்றி இருக்கிற இரும்பு வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்து, படி என்றார். அந்த வளையத்தில், கடுகு அளவு எழுத்தில், ஒரு மாதமும் வருஷமும் பொறித்திருந்தது. இத்தனை நாள் அதை நான் பார்த்ததே இல்லை. கட்டிங் வீலுக்கு எக்ஸ்பைரி தேதி உண்டு என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? இரும்பைத் தேய்க்கிற கரட்டுத் துகள்களைப் பிசின் வைத்து ஒட்டி, நடுவில் கண்ணாடி நார் வலை வைத்து அழுத்திச் செய்வதுதான் இந்த வீல். பிசின் ஈரத்தை இழுக்கும், நாளாக ஆகப் பிடிப்பு விடும், அதனால் பொதுவாகத் தயாரித்து மூன்று வருஷம் வரைதான் கெடு. என்னுடையதில் ஒன்று கெடு தாண்டியிருந்தது. இன்னொன்று தேதி சரி, ஆனால் இரண்டு மழைக்காலம் மாடிப்படிக்குக் கீழே ஈரத்தில் கிடந்தது, ஓரத்தில் நகம் பட்ட மாதிரி ஒரு சில்லு போயிருந்தது. இரண்டையும் கையாலேயே மடித்து உடைத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "அய்யோ அக்கா" என்றேன். "கையால ஒடையுதுல்ல" என்றார்.

வீலில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதிகபட்சச் சுற்று. நாலு இஞ்ச் வீலில் 15,200 அல்லது அதை ஒட்டி இருக்கும். மெஷினின் 11,000 அதற்குள் அடங்கிவிடுகிறது, சரி. ஏழு இஞ்ச் வீலை எடுத்துக் காட்டினார், அதில் 8,500. ஒரு பையன் இந்த மாதிரி தேய்ந்துபோன பெரிய வீல் ஒன்று வீணாகிறதே என்று நடுவில் வளையம் வைத்து நாலு இஞ்ச் மெஷினில் மாட்டி ஓட்டினானாம், அதற்குக் கார்டையும் கழற்றித்தானே ஆகவேண்டும். 8,500-க்கு மேல் போகாதே என்று எழுதியிருப்பதை 11,000-ல் ஓட்டியிருக்கிறான். என்ன ஆச்சு என்று கேட்டேன். "அவனுக்கு ஒண்ணும் ஆவல, அதான் பிரச்சனை. இன்னும் அப்படித்தான் ஓட்டினுகீறான்" என்றார்.

வீல் மாட்டுவதையும் காட்டிக்கொடுத்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வீல் சுற்றாமல் பிடிக்கிற ஸ்பிண்டில் பட்டனை அழுத்திக்கொண்டு, ஸ்பேனரால் நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நட்டுக்கு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சமம். மெல்லிய கட்டிங் வீலுக்கு மேடு வெளியே பார்க்கணும், தடித்த கிரைண்டிங் வீலுக்கு மேடு உள்ளே உட்காரணும். மாற்றிப் போட்டால் மெல்லிய வீல் இறுகாமல் ஆடும். புது வீல் மாட்டியதும் எதிலும் வைக்காமல் ஒரு நிமிஷம் சும்மா ஓட விட வேண்டும், வீலுக்கு நேராக நாமும் நிற்கக் கூடாது வேறு யாரும் நிற்கக் கூடாது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கட்டிங் வீலின் பக்கத்தை வைத்து, அறுத்த விளிம்பில் நிற்கிற பிசிரைத் தேய்க்கக் கூடாது, அது ஓரத்தால் அறுக்க மட்டும் செய்தது, பக்கவாட்டு அழுத்தம் தாங்காது. பிசிருக்குத் தனியாக ஒரு கிரைண்டிங் வீல் வாங்க வைத்தார். வியாபார தந்திரமோ என்று அப்போது சந்தேகப்பட்டேன், விலை நாற்பது ரூபாய்.

எனக்குப் பின்னால் நின்றிருந்தவர் ஒரு ஆசாரி, கிரைண்டரில் மாட்டுகிற மரம் அறுக்கும் பல் பிளேடு கேட்டார். இல்லை என்றார் அக்கா. வெளியே எல்லாக் கடையிலும் தொங்குகிறதே என்றார் அவர். தொங்கட்டும், இங்கே கிடையாது, மரத்துக்கு என்று சர்க்குலர் சா இருக்கிறது, அதை எடுத்துப் போங்கள், வாடகையில் ஐம்பது ரூபாய்தான் வித்தியாசம் என்றார். ஐந்து நிமிஷம் நடந்தது அந்த வாக்குவாதம், நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான்: இரும்பு அறுக்கிற வீலுக்குப் பல் கிடையாது, தேய்த்துத்தான் அறுக்கும். பல் பிளேடு மரத்தில் ஒரு முடிச்சிலோ ஆணியிலோ மாட்டினால், பிளேடு நின்று மெஷின் சுற்றும், கையைவிட்டுப் பறந்து வந்து தொடையிலோ கழுத்திலோ இறங்கும். கையால் பிடித்து நிறுத்துகிற விஷயமே இல்லை, நாம் உதறுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சர்க்குலர் சாவில் பிளேடு மெதுவாகச் சுற்றுகிறது, கீழே தட்டு இருக்கிறது, பல்லை மூடுகிற கார்டு தானாக இறங்குகிறது. ஆசாரி கடைசியில் ஒன்றும் எடுக்காமல் போய்விட்டார். வந்த வாடிக்கையாளரை இப்படி அனுப்புகிற கடையை வேலூரில் நான் வேறு எங்கும் பார்க்கவில்லை, நகைக்கடையிலிருந்து பிரியாணிக் கடை வரைக்கும்.

உடை விஷயத்தை அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். துப்பட்டா கூடாது, புடவை கூடவே கூடாது, வீட்டுக்காரர் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டு உள்ளே விட்டுக்கொள், ஜடையைக் கொண்டை போட்டுத் தலையில் துண்டு கட்டு, வளையல் கழற்றி வை. "இதையெல்லாம் ஆம்பளைங்ககிட்ட சொன்னா சிரிக்கிறானுங்க, லுங்கியை மடிச்சுக் கட்டிகினு அறுக்குறவனுக்கு இன்னா சொல்றது" என்றார். லுங்கி நெய்கிற ஊர்க்காரி நான், பதில் சொல்லாமல் தலையாட்டினேன். பாலியஸ்டர் வேண்டாம், பருத்தி போடு என்றதும் அவர்தான், பொறி பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

கரண்டு விஷயத்தில் அண்ணன் முதல் முறையாகத் தலையை நிமிர்த்திப் பேசினார். மெஷின் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருக்கும், அது இரட்டைக் காப்பு, அதனால்தான் இரண்டு பின் பிளக், எர்த் தேவையில்லை. அதற்காக நனைந்த தரையில் நின்று ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருளை முழுசாகப் பிரித்துப் போட்டு ஓட்டு, சுருட்டியபடியே ஓட்டினால் உள்ளே சூடேறி உருகும். வீட்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்டு கசிந்தால் தானாக அணைந்துவிடுகிற சுவிட்ச் இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் போட்டது, நம்ம எலக்ட்ரீஷியன் பாஷையில் ஈஎல்சிபி, அதில் டெஸ்ட் பட்டனை அமுக்கி விழுகிறதா பார். கடைசியாக ஒன்று சொன்னார்: "கரண்டு போச்சுன்னா மொதல்ல பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சை இல்ல, பிளக்கை." சரி அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. ஒரு பழைய மேஜையில் சி-கிளாம்ப் போட்டு பைப்பை இறுக்கி, அறுபட வேண்டிய நுனி அந்தரத்தில் தொங்குகிற மாதிரி வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால், அறுபட அறுபட பைப் தொய்ந்து வீலை நடுவில் கவ்விவிடும். ஒரு தடவை சோம்பேறித்தனமாக அப்படிச் செய்தேன், மெஷின் ஒரு உதறு உதறியது பாருங்கள், மணிக்கட்டில் இரண்டு நாள் வலி. பக்கக் கைப்பிடி மட்டும் இல்லாமல் ஒரு கையால் பிடித்திருந்தால் இந்த விமர்சனத்தை இடது கையால் டைப் செய்துகொண்டிருப்பேன். கண்ணுக்கு நாலு பக்கமும் மூடுகிற கண்ணாடி, அதற்கு மேல் முகத்தை மறைக்கிற ஷீல்டு, காதுக்கு அடைப்பான், பழைய பெயின்ட் அடித்த பைப் என்பதால் மாஸ்க். இத்தனையும் போட்டுக்கொண்டு வேலூர் வெயிலில் பத்து நிமிஷம் நிற்க முடியாது. காலை ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும்தான் வேலை என்று வைத்துக்கொண்டேன். சத்தத்துக்காகப் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன், அவர் தினமும் மாடிக்கு வந்து மேற்பார்வை பார்த்தார், அவரைப் பொறி படாத பக்கம் நிறுத்துவதே பெரிய வேலையாகிவிட்டது.

யாரும் சொல்லாத ஒன்று: பொறி கண்ணாடியில் பட்டால் போகாது. எங்கள் மாடிப்படி ஜன்னல் கண்ணாடியில் ஒரு மூலை முழுக்கச் சொரசொரப்பாகிவிட்டது. சூடான இரும்புத்தூள் கண்ணாடிக்குள் பதிந்து, ஒரு வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. துடைத்தால் போகவில்லை, பிளேடால் சுரண்டினாலும் குழி அப்படியே இருக்கிறது. டைல்ஸ், பக்கத்தில் நிற்கிற கார் எல்லாவற்றுக்கும் இதே கதிதான் ஆகும். ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்க விட்டிருந்தால் போதும். பச்சை வலைச் சுருள், காய்ந்த தென்னை மட்டை, விளக்குமாறு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி ஒரு வாளித் தண்ணீர் வை என்று அக்கா சொல்லியிருந்தார், ஜன்னலைச் சொல்லவில்லை. இது அவர்மேல் எனக்கு உள்ள ஒரு சின்னக் குறை.

இன்னும் குறைகள் உண்டு, எல்லாம் நல்லது என்று எழுதினால் காசு வாங்கிக்கொண்டு எழுதினேன் என்பீர்கள். மெஷினோடு ஓசியில் தருகிற கண்ணாடி முழுக்கக் கீறல், அதைப் போட்டால் கோடு எங்கே பைப் எங்கே என்று தெரியாது. கோடு தெரியாததால்தான் பாதிப் பேர் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதா? நான் லாங் பஜார் பக்கம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். அரை நாள் வாடகை என்று ஒன்று கிடையாது, காலை இரண்டு மணி நேரம் வேலைக்கு முழு நாள் காசு. எனக்குக் கொடுத்த மெஷினில் மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோகிற கார்பன் துண்டு தேய்ந்திருந்தது, இரண்டாம் நாள் உள்ளே நீல நிறமாகப் பொறி தெரிந்து நின்று நின்று ஓடியது. போன் செய்ததும் கொண்டு வா மாற்றித் தருகிறேன் என்றார்கள், மாற்றியும் தந்தார்கள், ஆனால் பெட்ரோலும் நேரமும் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு ஷட்டர் இறக்கிவிடுவார்கள். சொந்தமாக வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதானே கிடைக்கிறது.

கல் அறுக்கிற மார்பிள் கட்டரும் அங்கே வாடகைக்கு உண்டு, அதை நான் எடுக்கவில்லை, எடுத்தவரைப் பார்த்தேன். தண்ணீர் விடாமல் அறுக்கப் போகிறேன், டைல்ஸ் இரண்டுதான் என்றார். கிரானைட், டைல்ஸ் தூளில் இருக்கிற சிலிகா நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது, அதற்குக் கைக்குட்டை கட்டுவது பிரயோஜனமில்லை, என்95 மாதிரி மாஸ்க் வேண்டும், தண்ணீர் விட்டு அறுப்பது அதைவிட நல்லது, தண்ணீர் விடுவதானால் ஆர்சிசிபி இல்லாத பாயின்டில் சொருகாதே. இதையும் அக்கா அதே ராகத்தில் ஒப்பித்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாரோ.

இப்போது மூன்றாம் நாள். கடைசி நாலு துண்டு பாக்கி. ஒரு பைப்பில் பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்டு போனது. இந்த மெஷினில் சுவிட்ச், முன்னால் தள்ளினால் அப்படியே மாட்டிக்கொள்கிற வகை. வீல் மெல்ல மெல்ல நின்றது, நின்றதைப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தேன். நம் வீட்டில் மட்டும் போனதா தெருவுக்கே போனதா என்று பார்க்கக் கீழே இறங்கினேன். தெருவுக்கே போயிருந்தது. அத்தை மோர் கொடுத்தார், உட்கார்ந்து குடித்தேன், மாவு வாங்கணும், கேஸ் புக் பண்ணணும் என்று பேச்சு போனது. திடீரென்று ஃபேன் சுற்றியது. அடுத்த விநாடி மாடியில் உறுமல்.

ஓடினேன். மெஷின் மேஜையிலிருந்து குதித்துத் தரையில் கிடந்தது, கிடந்தது என்று சொல்ல முடியாது, தவழ்ந்துகொண்டிருந்தது. தரையில் பட்டுப் பட்டுத் துள்ளி, தன் ஒயரையே தனக்குக் கீழே இழுத்துக்கொண்டு, வலைச் சுருளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மேற்பார்வைத் தாத்தா கைப்பிடிச் சுவரோரம் சிலையாக நின்றிருந்தார். கிட்டே போய் மெஷினைப் பிடிக்கத்தான் முதலில் கை போனது, எப்படியோ அண்ணன் குரல் ஞாபகம் வந்து படிக்கட்டுத் தலையிலிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக்கைப் பிடுங்கினேன். அதன் பிறகும் வீல் நிற்கச் சில விநாடி ஆனது, அந்தச் சில விநாடி ரொம்ப நீளம். எடுத்துப் பார்த்தால் ஒயர் வீலில் படவில்லை, கார்டின் விளிம்பில்தான் உரசியிருந்தது. விளிம்பில் விரல் நீளத்துக்குக் கறுப்பு ரப்பர்த் தடம், ஒயர் மேல்தோலில் அதே நீளத்துக்குத் தேய்மானம், உள் ஒயர் தெரியவில்லை. தாத்தா, "சுவிட்சு போட்டதாரு?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை, கரண்டு தாத்தா என்றேன்.

விட்டால் அணைந்துவிடுகிற சுவிட்ச் வைத்த மெஷின்களும், கரண்டு போய் வந்தால் தானாக ஓடாத மெஷின்களும் வந்துவிட்டன. சொந்தமாக வாங்குகிறவர்கள் அந்த வகை கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான். நாள் தவறாமல் கரண்டு போய் வருகிற இடத்தில் வாடகைக் கடைகளாவது அதைத்தான் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடையில் ஒன்றுகூட இல்லை. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போடுகிறேன், குறைத்த அந்த ஒன்று இதற்காகவும் கீறல் விழுந்த கண்ணாடிக்காகவும்.

சாயங்காலம் மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். துடைத்து, ஒயரைச் சுற்றி, தேய்ந்த பக்கம் உள்ளே போகிற மாதிரி வைத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். அக்கா முதலில் ஸ்க்ரூவைப் பார்த்தார், சிவப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. பிறகு கட்டைவிரலைக் கார்டின் விளிம்பில் ஓட்டினார். கறுப்புத் தடத்தில் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கரண்டு போயிட்டு வந்துச்சா?"

ஆமாம் அக்கா என்றேன். பின்னால் ஆர்மேச்சர் கட்டிக்கொண்டிருந்த அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. ஒயர் மாற்ற நூறு ரூபாய் பிடித்துக்கொண்டு 1,400 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அடுத்த வாரம் டிரில் மெஷின் வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.